வேகாத மொச்சை

மாப்பிள்ளைக்கு,

இன்று காலை உப்புக்கண்ட டப்பாவைத் திறந்தேன். உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்த ஆட்டுக்கறியின் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. நான் அழுவேன் என்று என் தங்கை பேச்சி பக்கத்திலேயே நின்றாள். அழுகை வரவில்லை. உங்கள் மனைவியல்லவா, அவளுக்கு அது குறையாகப் பட்டிருக்கும். படட்டும்.

நேற்று உங்கள் வருஷத் திதி, மரக்கறிச் சாப்பாட்டோடு முறையாக முடிந்தது. மறுநாள், போனவருக்குப் பிடித்த கறிச்சோற்றை இலையில் வைப்பது நம் வழக்கம். உங்கள் மகன் செல்போனை எடுத்து சிவகாசி ஓட்டலுக்குப் பிரியாணி சொல்லப்போனான்.

"ஏலே, உங்கப்பனுக்கு என்னைக்காவது பிரியாணி தொண்டையில எறங்கியிருக்கா? போனைக் கீழ வையி" என்றேன்.

உப்புக்கண்டமும் மொச்சையும் போட்ட சாறுதான் அந்த இலையில் விழவேண்டும், அதையும் நான்தான் வைப்பேன் என்று சொல்லிவிட்டேன். ஊர் பார்க்கச் சொன்ன சொல். காலையில் பற்றவைத்த அடுப்பு உச்சிப்பொழுதுவரை எரிந்தது. கறி வெந்தது. மொச்சை வேகவில்லை.

தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளைக் கொஞ்ச நாள் சாத்திவிடுவார்கள். வருஷமெல்லாம் மருந்து கலக்கிய நீங்கள் அந்த மழை நாட்களில்தான் ஓய்ந்து உட்காருவீர்கள். ஆமத்தூரில் என் சைக்கிள் கடைக்கும் அப்போது ஆள் வராது. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கல்லைக் கூட்டி நான் அடுப்பு மூட்டுவேன். நீங்கள் தள்ளியே நிற்பீர்கள். குளித்து, வெளுத்த வேட்டி கட்டி வந்திருந்தாலும் நெருப்புப் பக்கம் வரமாட்டீர்கள்.

"நமக்கும் அதுக்கும் ஆகாது மச்சான். நீங்களே பத்த வையிங்க."

நீங்கள் தீக்குச்சி உரசி நான் பார்த்ததே இல்லை. அதனால் வேலை தானாகவே பிரிந்தது. நெருப்பும் சட்டியும் என் பாடு. மொச்சையை ஊறவைத்துத் தூக்குவாளியில் கொண்டுவருவது உங்கள் பாடு.

தங்கையைக் கட்டிய முதல் வருஷமே இந்தச் சாற்றுக்காகச் சண்டை போட்டோம். கறியை முதலில் தனியாகக் கொதிக்கவிட்டு, அந்த உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மொச்சை வெந்தபிறகு சேர்க்கவேண்டும் என்பது உங்கள் கட்சி. "உப்புல விழுந்த மொச்சை வேகாது மச்சான்" என்றீர்கள். எனக்கு எந்தத் தொழிலையும் எவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சைக்கிளைப் பிரித்துப் பூட்டித்தான் சைக்கிளைக் கற்றேன். சமையலும் அப்படியே. முதல் தண்ணீரைக் கொட்டினால் ருசியையே கொட்டுகிறோம் என்று சொல்லி, மறுநாள் நீங்கள் கொண்டுவந்த மொச்சையைக் கறியோடு சேர்த்தே சட்டியில் கவிழ்த்தேன். சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, மிளகு, சீரகம். மொச்சை பூவாக வெந்தது.

"பார்த்தீகளா மாப்ளே?"

"பார்த்தேன் மச்சான். நீங்க முறைக்கிற முறைப்புக்கு மொச்சை வேகாம என்ன செய்யும்?"

அதற்குப்பின் வருஷம் தவறாமல் இதே கதை. பஞ்சர் ஒட்ட வருகிறவனைக்கூட உட்காரவைத்து, யார் சொன்னது சரி என்று கேட்பேன். நீங்கள் எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "மச்சான் வாயில வந்துட்டா அது கவர்மெண்டு ஆர்டர்லா" என்பீர்கள். இருக்கன்குடி கோயிலுக்குப் போன வேனில், கூட வந்த பெண்களிடமும் என் பக்குவத்தைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். நீங்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். போன கார்த்திகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சாய்ந்தபோது, அந்த வருஷத்துக் கறி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

இன்றும் அதே சட்டி, அதே பக்குவம். மொச்சையை மட்டும் நானே ஊறவைத்தேன். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றினேன். நசுக்கிப் பார்த்தால் விரல்தான் வலித்தது. பழைய மொச்சையைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டினேன். விறகைத் திட்டினேன். குழாய்த் தண்ணீரைத் திட்டினேன். பேச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நீங்கள் போனபிறகு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"அண்ணே, அவுக வெறுமனே ஊறப்போட்ட மொச்சையையா கொண்டாந்தாக? விடியமுன்ன என்னைய எழுப்பி முக்கால் வேக்காடு வேகவைக்கச் சொல்லுவாக. ஆறவச்சு, பச்சைத்தண்ணி ஊத்தித் தூக்குவாளியில குடுத்துவிடுவேன். 'உங்கண்ணன் காதுல போட்டுறாத, தோத்துட்டா மனுசன் சோறு திங்கமாட்டாரு'ம்பாக."

மாப்பிள்ளை, இது என்ன நியாயம்? ஒரு வருஷமாவது வேகாத மொச்சையை என் வாயில் போட்டு, உங்க பக்குவம் தப்பு என்று நேருக்கு நேர் சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன். பேச்சை நிறுத்தியிருப்பேன். பொறுக்கமாட்டாமல் நானே ஒருநாள் உங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தியிருப்பேன். அதற்குக்கூட என்னை நம்பவில்லையே. கேட்காமலே என்னை ஜெயிக்கவைத்துவிட்டு, நான் திருப்பிக் கேட்க முடியாத இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டீர்கள். மண்ணோடு எப்படிச் சண்டை போடுவது?

"மாமா, குக்கர்ல போட்டு விசில் விட்டுருவோம்" என்று உங்கள் மகன் வந்தான். "மொச்சையை மட்டும் எடுத்துத் தனியா வேகவச்சிருவோமா அண்ணே, அவுக செஞ்ச மாதிரி?" என்றாள் பேச்சி. இரண்டு பேரையும் அடுப்படியைவிட்டு வெளியே போகச் சொன்னேன்.

அப்படியே இறக்கினேன். இலையில் ஊற்றியதும் மொச்சை கோலிக்குண்டு மாதிரி உருண்டது. சோற்றை ஒதுக்கி அணை கட்டினேன். இத்தனை வருஷமும் நீங்கள் குடித்தது உங்கள் சாறு. என் சாறு இதுதான். இன்றைக்குத்தான் உங்களுக்கு நான் சமைத்திருக்கிறேன். கடித்துப் பாருங்கள் என்று சொல்லித்தான் சூடம் காட்டினேன்.

கும்பிட்டு முடித்தபின் உங்கள் இலைமுன் நானே உட்கார்ந்தேன். வேறு யாரையும் விடவில்லை. சாறு நன்றாகவே இருந்தது. முதல் தண்ணீரைக் கொட்டாத ருசி அது, இப்போதும் சொல்கிறேன். இதை எழுதும் இந்நேரமும் ஒரு மொச்சை கடைவாயில் கிடக்கிறது. மெல்ல முடியவில்லை. துப்பமாட்டேன்.