பஸ்ஸை விட்டு இறங்கிய இருவர்

மொன்றியல்
19.01.2003

அன்பான புஷ்பத்துக்கு,

முழங்கால் நோவு குறைந்ததா? எண்ணெய் பூசுகிறீரா, இல்லை போத்தலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீரா?

நேற்று ஒரு பகிடி. டோர்வலில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்தேன். வெளியே ஒரே பனி. வீடுகளும் மரங்களும் கரைந்துபோய், நான் விழித்திருக்கிறேனா என்றே தெரியவில்லை. நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் பொலிஸ் வாகனம் குறுக்கே நின்றது. பஸ் நின்றதும் நான் எழும்பிப் பையைத் தூக்கினேன். ஊரில் சோதனைச்சாவடியில் நடக்கிறமாதிரி இறங்கி, ஊர் அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்தபடி பனிக்குள் நடந்தேன். சாரதி பிரெஞ்சில் ஏதோ கத்தினான். முன்னால் விபத்தாம். இங்கே சோதனைச்சாவடி எங்கே!

திரும்பினால், பின்னால் இன்னொருவன், அவனும் கையில் அட்டையோடு! குருநாகல் சிங்களவன், பெயர் திலகசிறி, கொஞ்சம் தமிழ் கதைப்பான். விமானச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை. கொழும்பில் குண்டுக்குப் பயந்து அவர்களையும் இப்படி இறக்கி நடக்கவிட்டார்களாம். வயிறு நோகச் சிரித்தோம். என் நாட்டுக்காரன் ஒருவனைக் கண்டேன் என்று முதன்முதலாக நினைத்தேன்.

உம்மை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் பத்திரத்தில் கையெழுத்து வைத்து அனுப்பும். ஐந்து வருடம் தனியச் சமைத்துச் சாப்பிட்டது காணும்.

உம்முடைய
நகுலேஸ்வரன்

கோண்டாவில்
16.02.2003

இஞ்சருங்கோ,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான்.

சிரித்தீர்களாம். எங்கள் மகன் விதுர்சனும் சோதனைச்சாவடியில் இப்படித்தானே பையோடு இறங்கினான்? "வயசான ஆக்கள் இருக்கலாம்" என்று ஆமிக்காரன் சொன்னதும் நீங்கள் சீற்றிலேயே இருந்துவிட்டீர்கள். பிள்ளையை அவர்கள் மறித்து வைக்க, பஸ் வெளிக்கிட்டது. பிள்ளை இல்லாமல் வாசலில் வந்து நின்றீர்கள். ஏழு வருடமாக நான் ஒரு சொல் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அன்றைக்கு ஏன் இறங்கவில்லை?

கையெழுத்து வைக்கவில்லை. உங்கள் நாட்டுக்காரனைக் கூப்பிட்டுச் சமைத்துச் சாப்பிடுங்கோ.

புஷ்பவதி

மொன்றியல்
09.03.2003

புஷ்பம்,

பயம். வேறு காரணம் இல்லை. அன்றைக்குப் பிறகு எந்த பஸ் இடைவழியில் நின்றாலும் இறங்கிவிடுகிறேன். சிரித்து முடிய நான் அழுததை எழுத வெட்கமாக இருந்தது.

திலகசிறியின் தம்பி ஆமிக்காரன். விதுர்சன் போன அதே வருடம் முல்லைத்தீவுச் சண்டையில் காணாமல் போனான். உடம்பு வரவில்லை. செத்தவனாக எண்ணி அவன் பெயரில் பிக்குமாருக்குத் தானம் கொடுக்கத் தாய் இன்னும் சம்மதிக்கவில்லையாம். கேட்டதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "என்ர பிள்ளையை இறக்கினது உன்ர தம்பியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். "தெரியாது அண்ணை" என்று தலை குனிந்தான். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஒரே கொடியைப் பார்த்து நாங்கள் ஒருநாளும் ஒரே நாட்டவர் ஆகவில்லை. இந்தச் சண்டை ஆக்கிவிட்டது, பாரும்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. வாரும், புஷ்பம்.

நகுலேஸ்வரன்

கோண்டாவில்
13.04.2003

இஞ்சருங்கோ,

வடிவாகச் சாப்பிடுங்கோ. உங்கள் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். பிள்ளை கனவில் வந்தான். தலை ஈரமாக இருந்தது. துவாய் எடுத்துக் கொடுத்தேன்.

நீங்களும் இறங்கியிருந்தால் இரண்டு பேரையும் கொண்டுபோயிருப்பார்கள். அது எனக்கு எப்போதோ தெரியும். தெரிந்தும் கோபத்தை விட மனம் வரவில்லை. அதுவும் போனால் என்னிடம் என்ன மிச்சம்? இனிக் கேட்கமாட்டேன்.

ஆனால் நான் அங்கே வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை, அப்பா. அவன் வந்து படலையைத் தட்டினால் திறக்க ஆள் வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்விக்கிறேன், உயிரோடு இருக்கிறவர்களுக்குச் செய்கிறமாதிரித்தான். ஐயரும் ஒன்றும் கேட்பதில்லை.

அந்தத் தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் திலகசிறியிடம் கேட்டு எழுதுங்கோ.

உங்கள்
புஷ்பம்