சுவரில் தட்டிய அகப்பை

அக்கா, இன்று சமையலறை மேசை லாச்சியை இழுத்து ஒதுக்கும்போது அந்தப் பழைய அகப்பை கையில் பட்டது. காம்பு வெடித்த அகப்பை. அது எப்படி வெடித்தது என்று உங்களிடம் கடைசிவரை சொல்லாத கள்ளி நான்.

எண்பதுகளில் நாங்கள் லண்டனில் மிச்சம் என்கிற இடத்துக்குக் குடிவந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள். ஜமேக்காக்காரியான உங்களை அக்கா என்று கூப்பிடப் பழகியது பிறகுதான். உங்கள் கணவர் இறந்து ஒன்பது நாளும் உங்கள் வீட்டில் பாட்டும் ரெக்கோட்டும் சுவரை அதிரவைத்தன. எங்கள் ஊரில் செத்த வீடென்றால் அயலில்கூட ரேடியோ போடமாட்டார்கள். "செத்த வீட்டில பாட்டுப் போடுதுகள், என்ன சனமப்பா" என்றார் என் மனுசன். கடைசி நாள் பொறுமை கெட்டு, அகப்பைக் காம்பால் சுவரில் ஓங்கி ஓங்கித் தட்டினேன். காம்புதான் வெடித்தது. பாட்டு நிற்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் என் அம்மா போய்விட்டா. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் எங்கள் விசா விசயம் முடியாமல் கிடந்ததால் போக வழியில்லை. மூன்றாம் நாள் நீங்கள் பொரித்த மீனோடு வந்தீர்கள். சாவுத் துடக்கு உள்ள வீட்டில் மீன் ஆகாதென்று உங்களுக்கு எப்படித் தெரியும்? "உன்ர வீட்டில ஒரு பாட்டுச் சத்தமும் இல்லையே. அம்மா தனியவே போறா?" என்றீர்கள். நீங்கள் பேசியது ஆங்கிலம். என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் நிற்கிறது.

பிறகு கதிரையில் இருந்து உங்கள் மூதாதையரின் கதையைச் சொன்னீர்கள். அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவந்து, மேளம் அடிக்கக்கூடாதென்று முதலாளிமார் தடுத்தார்களாம். "மேளத்தைப் பறிச்சாங்கள். தொண்டையைப் பறிக்க ஏலாமல் போச்சு." கரும்புத் தோட்டத்தில் பாடித்தான் வேலை செய்தார்கள், பாடித்தான் பிள்ளை வளர்த்தார்கள், செத்தவர்களையும் பாடித்தான் அனுப்பினார்கள். கோபம் வந்தால் அதற்கும் பாட்டு.

அம்மா சந்தோசமாக இருந்தால் எதைப் பாடுவா என்று கேட்டீர்கள். சித்திரை வருசத்துக்கு ஊஞ்சல் ஆட்டும்போது அவ பாடுகிற பாட்டைத் தொடங்கினேன். இரண்டாவது அடியில் பாட்டு நின்றுபோனது. ஒரு சொல்லும் விளங்காமலே, கீழ்க்குரலில் நீங்கள் அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். அன்றுதான் முதல்தடவை வாய்விட்டு அழுதேன்.

போகும்போது வாசலில் நின்றீர்கள். "என்ர மனுசனுக்குப் பாடின கடைசி நாள், சுவருக்கு அங்கால இருந்து தாளம் போட்டது நீதானே?"

ஓம் என்று தலையாட்டினேன். உண்மையாகத்தான் கேட்டீர்களா, என்னை நக்கலடித்தீர்களா, இன்றுவரை தெரியாது. மன்னிப்புக் கேட்க எத்தனையோ தரம் வாயெடுத்தேன், வெட்கம் விடவில்லை.

தொண்ணூறுகளின் முடிவில் நீங்களும் போனீர்கள். ஒன்பதாம் நாள் உங்கள் மகள் ரெக்கோட்டைப் போட, வீடு நிறையச் சனம் பாடியது. நான் இந்த அகப்பையோடுதான் வந்தேன், அக்கா. உங்கள் பக்கம் நின்று, அதே சுவரில், தாளம் தப்பாமல் தட்டினேன். வாயால் கேட்க முடியாத மன்னிப்பை அப்படித்தான் கேட்டேன்.

இப்போதும் அம்மாவின் ஊஞ்சல் பாட்டைப் பாடுகிறேன். இரண்டாவது அடி வந்தால் கொஞ்சம் நிறுத்துவேன். அந்த இடம் உங்களுடையது.