கேட்காமல் எழுதிய பெயர்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஸ்லோவேனியாவுக்கும் குரோஷியாவுக்கும் நடுவே ஓடும் ஆற்றின் இரு கரை ஊர்களிலிருந்தும் மெல்பேர்ணுக்கு வந்த முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்வது என் வேலை. ஒவ்வொருவர் பேசுவதும் எந்த மொழியின் கிளை என்று படிவத்தில் குறிக்க வேண்டும்.

இன்று டண்டினொங் புறநகரில் மரியா அன்ரியை அவர் வீட்டில் பதிவு செய்தேன். முடிந்ததும், போன மாதம் நான் பதிவு செய்த கதரீனா தன் கூடப்பிறந்த தங்கை என்றார். கலியாணமாகி ஆற்றின் மறுகரைக்குப் போனவராம்.

தங்கையைக் குரோஷிய மொழியில் போட்டிருந்தேன். அக்காவை ஸ்லோவேனிய மொழியில். வீட்டுக்கு வந்து இரண்டு பதிவையும் மாறி மாறிக் கேட்டேன். ஒரே பேச்சு. நான் ஊர்ப் பெயரைப் பார்த்துத்தான் மொழியை எழுதியிருக்கிறேன். மற்றவர்களுக்கும் அப்படித்தான் செய்தேனா? நினைக்கவே பயமாக இருக்கிறது. நாளை காலை, இந்த ஆய்வை நடத்தும் பேராசிரியர் என் மொழிப் பட்டியலை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்.

"இப்பவே அவருக்குப் போன் அடிச்சுச் சொல்லுமன்," என்றார் என் கணவர்.

"என்னெண்டு சொல்லுறது? ரெண்டு பேரையும் எதுக்குள்ள போடுறதெண்டு எனக்கே தெரியேல்லையப்பா."

போன் மேசையில்தான் கிடக்கிறது. இன்னும் எடுக்கவில்லை.

புறப்படும்போது மரியா அன்ரி, தன் பேச்சுக்கு என்ன பெயர் போடுவாய் என்று ஆசையாகக் கேட்டார். வடிவாகக் கேட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்றேன். ஆனால் நான் வந்ததும் அவர் கோப்பி போடக் குசினிக்குள் போனபோதே, பதிவுக்காக அவர் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே, படிவத்தில் மொழியின் பெயரை எழுதி முடித்திருந்தேன்.