மாப்பிள்ளையைக் கூட்டி வரலாமா

அன்பு மகள் டெல்லாவுக்கு,

நீயும் மாப்பிள்ளை செர்ஹாத்தும் குட்டி ஈலாவும் மாப்பிள்ளையின் ஊரான இஸ்மீரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. துணியை மெஷினில் போட்டுவிட்டு சோப்புப் போட மறக்கிறேன், ஜன்னலுக்குப் போகிறேன், வாசலுக்குப் போகிறேன். "உக்காரும்மா தாயே, உன்னைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது" என்று உன் அப்பா கத்துகிறார்.

ஜூனில் உன் தம்பி ரஸ் கல்யாணத்துக்கு மூன்று பேரும் வருகிறீர்கள் என்று மாடி அறைக்குப் பெயின்ட் கூட அடித்துவிட்டோம். போன சனிக்கிழமை முட்டை வாங்கிவிட்டு வருகிறேன், நூலகத்துக்கு முன்னால் முகத்தை மூடிக்கொண்டு, துப்பாக்கி தூக்கிய ஒரு கூட்டம், "அந்நியனே, வெளியே போ" என்று கத்திக்கொண்டு ஊர்வலம் போகிறது. நடுவில் மாட்டிக்கொண்டேன். ஒருவன் விலகி வழிவிட்டு, "பார்த்துப் போங்க மிஸ் மார்வா, ஐஸ் வழுக்கும்" என்றான். குரலைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊர்ப் பையன் டக்கர்! நான் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன், எத்தனை தடவை அவன் வாந்தியைத் துடைத்திருக்கிறேன். "டெல்லா ஜூன்ல வர்றாளாமே, அந்த ஆளையும் கூட்டிக்கிட்டா வர்றா?" என்று கேட்டான். அதட்டிக் கேட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். சிரித்துக்கொண்டே கேட்டான் பார், அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. உன் அப்பா, "சின்ன ஊரு, சும்மா கேட்டிருப்பான்" என்கிறார், சொல்லிவிட்டு அவரே போய்ப் பின்கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டுகிறார்.

நீ அங்கே போன புதிதில், எங்கோ குண்டு வெடித்த செய்தியைப் பார்த்துவிட்டு நான் உன் மாமியாருக்குப் போன் போட்டுக் கத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? "என்னைத் தாண்டித்தான் யாரும் அவளைத் தொடணும், நீங்க நிம்மதியா தூங்குங்க" என்று உன் மாமியார் நெர்மின் அம்மா சொன்னதாக செர்ஹாத் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். நேற்று அவரே கூப்பிட்டு, மொழிபெயர்க்கத் தன் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சம்பந்தி, அங்க என் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டார். இங்கே குளிர் விடவே இல்லை என்று ஏதோ உளறிவிட்டு வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது டெல்லா, வெட்கமாகவும் பயமாகவும் இருக்கிறது.

காலையில் ரஸிடம் சொல்லி அழுதேவிட்டேன். அவன் எழுந்து போய், மண்டபத்துக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். "அக்கா குடும்பம் இல்லாம எனக்கென்ன கல்யாணம், பாலத்தைத் தாண்டினா கனடா, அங்க வெச்சுக்கலாம்" என்கிறான். அந்தப் பெண்ணும் சரி என்றுவிட்டாள், தங்கமான பெண். ஆகவே கல்யாணம் ஆற்றுக்கு அக்கரையில், சார்னியாவில். டொரான்டோவுக்கே நேராக டிக்கெட் போடு, நடுவில் நம் நாட்டில் இறங்கி விமானம் மாற வேண்டாம். என் கையால் இதை எழுதுகிறேன் பார்.

நீங்கள் மூவரும் எங்கே இருந்தாலும் கடவுள் காக்கட்டும். ஈலாவுக்கு ஸ்வெட்டர் எடுத்து வை, ஜூனிலும் ஆற்றுக் காற்று விடாது. கல்யாணத்தன்று அவளைக் கரைக்குக் கூட்டிப் போய், எதிர்க்கரையில் நீலக் கூரை தெரிகிறதே, அதுதான் அம்மா பிறந்த வீடு என்று காட்டு. அங்கே ஏன் போகக் கூடாது என்று கேட்டால் நீ ஒன்றும் சொல்லாதே. என்னிடம் அனுப்பு, நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
மார்வா