கான்ஸ்டபிளும் ஊம் கொட்டினார்

புதன்கிழமை, இரவு பதினொன்றரை

கண்ணு, இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஓய்ந்தது.

நீ சேர வேண்டிய தமிழ்ப் பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்களாம். அதற்காக இன்று நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் சித்தூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தோம். கோஷம் போட்டால் கேஸ் என்றார் ஒரு தெலுங்குக் கான்ஸ்டபிள். நான் எழுந்துவிடப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மல்லிகா அக்காதான் சிரித்தாள்.

"கோஷம்தான கூடாது? நாங்க கத சொல்லிக்கினு இருக்கோம் சார்."

நீ தினமும் கேட்கிற நரிக் கதையைத்தான் ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அத்தனை பேரும் சேர்ந்து "ஊம்" கொட்டினோம். மாடி ஜன்னல்கள் திறந்தன. நடுவில் ஒரு ஆண்குரல் "ஊம்" என்றது. அந்தக் கான்ஸ்டபிள்தான்!

"இன்னா சார், நீங்களும் நம்ம பக்கமா?"

"மொதல்ல நரி என்ன ஆச்சி, அத செப்பும்மா."

தெலுங்கிலும் இதே நரிதானா? அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கேட்காமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பேசலாம் என்று உள்ளேயிருந்து சொல்லியனுப்பினார்கள். என்ன பேசுவார்களோ.

இதை நீயே எழுத்துக்கூட்டிப் படித்தால், தமிழில் ஒரு வரி பதில் எழுது. சீக்கிரம் எழுது, கண்ணு.