குசினிப் பக்கச் சுவர்

2025 பெப்ரவரி 18, செவ்வாய்

லக்சிகா வவுனியாவிலிருந்து பேசினாள். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள் முடிவாகிவிட்டது, மார்ச் 16, ஞாயிறு. அடுத்த கதையே சுவர்தான்.

"அம்மா, வெளிச்சுவர் முழுக்கப் பாசி பிடிச்சுக் கிடக்கு, கழுவுங்கோ. ஆனா குசினிப் பக்கம் அப்பான்ரை எழுத்தைத் தொடாதேங்கோ. கலியாணத்தண்டு நான் அதுக்குப் பக்கத்திலை நிண்டு படம் எடுக்கோணும்."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல.

கூரைத் தண்ணீரை ஏந்தப் பீலி இல்லை, மாரித் தண்ணீர் முழுக்கச் சுவரில்தான் வடிகிறது. அடுப்பு இருக்கிற குசினிப் பக்கம் மட்டும் தாழ்வாரம் நீளம், அங்கே சாரல்தான் படும். முரசுமோட்டையில் வயலும் பச்சை, என் வீடும் பச்சை. பதினைந்து வருஷமாக நான் வெள்ளை அடிக்காததற்கு ஊர் ஒரு கதை வைத்திருக்கிறது. சுமித்திரா ரீச்சர் புருசன்ரை எழுத்தைப் பாதுகாக்கிறாவாம். பாவமாம். ஊருக்கென்ன, கதைக்கக் காசா கொடுக்க வேண்டும்?

சுவரில் இரண்டு வரி. மேலே உள்ளது நான் எழுதியது. 2008 மார்கழிக் கடைசி, ஷெல் கிட்ட விழத் தொடங்கிவிட்டது. அவர் மாடுகளை எங்காவது பத்திரமாக விட்டுவரப் போயிருந்தார். அவர் திரும்ப முதல் நானும் பிள்ளையும் வெளிக்கிட வேண்டியதாயிற்று. அப்போது எல்லாரும் செய்ததுபோல, போகிற இடத்தைச் சுவரில் எழுதினேன். 'தருமபுரம் அன்னபாக்கியம் வீட்டுக்குப் போகிறோம். அங்கே வரவும்.'

கீழே உள்ளது அவர் எழுதியது. 'கண்டன். வாறன். பாலன்.' 2010இல் மீளக்குடியேறி வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். ஆள் இன்றுவரைக்கும் வரவில்லை. அவருடைய கையெழுத்து என்று மிச்சம் இருப்பது அந்த மூன்று சொல்தான்.

பெப்ரவரி 20, வியாழன்

சதீஸ் பரந்தனிலிருந்து வாகனம் கழுவுகிற மிசினோடு வந்தான். முதலில் பின்மூலையில் கொஞ்சம் அடித்துக் காட்டு என்றேன். பாசியோடு பூச்சும் தகடு தகடாக விழுந்து கல்லுத் தெரிந்தது.

"பழைய பூச்சு ரீச்சர், தாங்காது."

அதை மிசினை முடுக்க முதல் சொல்லியிருக்கலாம்.

பிறகு கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளையும் கக்கூஸ் கழுவுகிற அசிட்டையும் ஒரே வாளிக்குள் விடப் பார்த்தான். கெதியாய்ப் போகுமாம். ஓம், பாசிக்கு முதல் நாங்கள் போவோம். அந்தப் புகை நெஞ்சுக்குள் போனால் ஆளையே முடித்துவிடும் என்று வாளியைப் பறித்தேன். மிசினையும் ஆளையும் அனுப்பியாயிற்று. நானே கழுவுகிறேன்.

பெப்ரவரி 21

லக்சிகா போனில் அறிவுரை அனுப்பியிருக்கிறாள். கையுறை போடுங்கோ. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கோ. மீற்றர் பெட்டியைப் பொலித்தீனால் மூடுங்கோ. மருந்து பட முதல் செவ்வரத்தைச் செடிக்குத் தண்ணி ஊத்துங்கோ. ஏணியிலை தனிய ஏறாதேங்கோ.

தனிய ஏறாமல் யாரோடு ஏறுவதாம்?

பெப்ரவரி 25, செவ்வாய்

தகப்பன் பக்கத்துக்கு ஒரு ஆள் வேண்டும், அன்னபாக்கியம் மாமிக்குச் சொல்லிவிட்டேன் என்கிறாள் லக்சிகா. என்னைக் கேட்கவில்லை. சொல்லிவிட்டாள்.

அன்னபாக்கியம் அவரின் தங்கை. யுத்தத்துக்குப் பிறகு இந்தப் படலையைத் தாண்டி அவள் வந்ததில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை. இனி வருவாள். சுவரில் தன் பெயரை வாசிப்பாள்.

எழுது சுமித்திரா. ஒருவரும் வாசிக்கப் போவதில்லை.

அன்று எங்களைப் பெட்டியில் ஏற்றிப்போன உழவு மிசின் தருமபுரத்தில், அன்னபாக்கியம் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முகப்பில் நின்றது. மிசின்காரன் இறங்குங்கோ எண்டவன். நான் இறங்கேல்லை. லக்சிகாவின் முதலாவது பிறந்தநாளில், சபைக்கு நடுவில் அன்னபாக்கியம் சொன்னது காதுக்குள் நின்றது. "சீதனம் இல்லாமல் வந்தவவுக்கு வாய் மட்டும் இருக்கு." அந்த வாசற்படியில் போய் நிற்பதா? விசுவமடுவுக்கு விடு, தம்பி வீடு இருக்கு என்றேன். பிறகு அவருக்குச் சொல்லி அனுப்பலாம் என்று நினைத்தேன். ஷெல் மழைக்குள் ஆரிட்டைச் சொல்லி அனுப்பிறது? என்ன புத்தி எனக்கு —

அவர் என் எழுத்தை நம்பித் தருமபுரம் போனார். நாங்கள் அங்கே இல்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக எங்களைத் தேடித் திரிந்தாராம். செட்டிகுளம் அகதி முகாமில் அன்னபாக்கியம் சொன்னது அவ்வளவுதான். மிசின்காரன் நிப்பாட்டவில்லை என்று நான் சொன்னேன். லக்சிகாவுக்கும் அதையே சொல்லி வளர்த்தேன்.

அன்பாம், பாதுகாக்கிறேனாம். அழிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம், அவ்வளவுதான்.

மார்ச் 1, சனி

மூன்று பக்கம் முடிந்தது. முதலில் சுவரை நனைத்து, குளோரின் தண்ணீரைக் கீழிருந்து மேலே பூச வேண்டும். மேலிருந்து பூசினால் ஊத்தை கோடு கோடாக இறங்கிக் காய்ந்துவிடும். பத்து நிமிஷம் ஊறவிட்டுத் தும்புத்தடியால் மெல்லத் தேய்த்து, மேலிருந்து கீழே கழுவினேன். ஏணியைத் தூணோடு கட்டினேன். செவ்வரத்தையில் ஒரு இலை கருகவில்லை. என் தோள் இரண்டும் கழன்றுவிட்டன, அதற்கு அறிவுரையில் இடமில்லை.

குசினிப் பக்கம் மட்டும் மிச்சம்.

மேல் வரியை மட்டும் அழித்தால் என்ன? அவருடையது இருக்கட்டும். பிள்ளைக்கு வேண்டியதும் அதுதானே. மழை கழுவிப்போட்டுது என்று சொல்லலாம். அன்னபாக்கியம் தன் பெயரைப் பார்க்கமாட்டாள்.

மார்ச் 3, திங்கள்

மீற்றர் பெட்டியை மூடியதுபோல அவருடைய வரியைப் பொலித்தீனால் மூடி, நாலு பக்கமும் ரேப் நாடா ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் என்னுடையதில் கை வைத்தேன். எல்லாம் முறைப்படி. பூசி, ஊறவிட்டு, தேய்த்து, கழுவி.

பொலித்தீனை எடுத்தால் உள்ளே ஒன்றும் இல்லை. மேலே ஊற்றிய தண்ணீர் ஈரச் சுவரில் ஒட்டாத ரேப்புக்குள்ளால் இறங்கியிருக்கிறது. கறுப்புத் தண்ணி கீழை வழிஞ்சு சீமெந்திலை நிக்குது. கையாலை அள்ளப் பாத்தன். என்னத்தை அள்ளிறது.

அவர் எழுதினது அடுப்புக் கரி. குசினிக்குள் கிடந்ததை எடுத்து எழுதிவிட்டு ஓடியிருப்பார்.

என்னுடையது அப்படியே இருக்கிறது. முன்பள்ளிக் கரும்பலகைக்குப் பூசவென்று பட்டரிக் கரியைக் கோவை இலைச் சாற்றில் குழைத்து வைத்திருந்தேன். அதைத் துணியில் தொட்டு எழுதினது. அழியக் கூடாதென்று நானே தேடி எடுத்து எழுதினது.

மார்ச் 4

காலையிலிருந்து தேய்த்தேன். பாசி போன சுவரில் முந்தியைவிட வடிவாகத் தெரிகிறது.

மார்ச் 15, சனி

லக்சிகா வந்தாள். பையைக்கூட இறக்காமல் குசினிப் பக்கம் போனாள். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டே இருந்தேன். மூன்று தரம் களைந்திருப்பேன். திரும்பி வந்து, "முந்தி எடுத்த படம் போனிலை இருக்கம்மா" என்றாள். அப்போதுதான் பையை இறக்கினாள்.

மார்ச் 16, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டார் நல்ல சனம். வீடு பளிச்சென்று இருக்கு என்றார் சம்பந்தியாகப் போகிறவர். வைகாசியில் நாள் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்னபாக்கியம் போகவில்லை. கை கழுவக் குசினிப் பக்கம் போனவள் அங்கேயே நின்றாள். பின்னால் போய் நின்றேன். தலை முழுக்க நரைத்துவிட்டது அவளுக்கு. தன் பெயரில் விரலை வைத்து வாசித்தாள்.

"மச்சாள், அண்டைக்கு நான் ஒழுங்கை முகப்பிலைதான் நிண்டனான். ஆரும் வருவினம் எண்டு விடிஞ்ச நேரந்தொட்டுப் பாத்துக்கொண்டு நிண்டனான். மிசின் நிண்டது. உங்களைக் கண்டு கையும் காட்டினனான்."

வாய் மட்டும் இருக்கிறதென்று சொன்னவளுக்கு முன்னால் அதுவும் இல்லாமல் நின்றேன்.

"அண்ணை வந்து கேட்டவர். மிசின் நிக்கேல்லை எண்டுதான் அவருக்குச் சொன்னனான். நான் முந்திக் கதைச்ச கதைக்குத்தானே நீங்கள் இறங்கேல்லை."

பதினாறு வருஷம் இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறோம். நான் என்னைக் காப்பாற்றச் சொன்னேன். அவள் என்னை அவரிடம் காட்டிக்கொடுக்காமல் இருக்கச் சொன்னாள். அவளையா நான் இந்த வீட்டுக்குக் கூப்பிடாமல் இருந்தேன்.

திரும்பினால் லக்சிகா தேத்தண்ணியோடு குசினி வாசலில் நிற்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ.

"மிசின் நிண்டதோ அம்மா?"

ஓம் என்றேன்.

மாமிக்கு ஒரு கோப்பையைக் கொடுத்தாள். எனக்குக் கொண்டுவந்ததைச் சுவரோரம் சீமெந்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.