பத்து மணிச் சங்கு

செவ்வாய், இரவு.

என் காலை என் மகள் ஸ்டெல்லா இரவு முழுக்கக் கிருமிகளுக்கு விட்டுக்கொடுக்கிறாள். பாதத்தில் மீன்முள் குத்திய புண்ணுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்றார் டாக்டர். இவள் சாப்பாட்டோடுதான் எடுத்துத் தருகிறாள். சாயங்காலம் ஏழுக்குப் பிறகு காலை எட்டு வரை ஒன்றும் இல்லை.

"ஆறு, ரெண்டு, பத்துக்குக் கம்பெனிச் சங்கு ஊதறப்ப குடு, ஷிப்ட்டு எட்டு மணி நேரந்தான்" என்றேன்.

"மூணு வேளன்னா துன்ற வேளதான் நைனா. மாத்தரைக்கு இன்னா, நைட்டு டூட்டியா கீது?"

மாத்திரைக்கு இல்லை. பகலில் சாகாமல் தப்பிய கிருமிகளுக்கு இருக்கிறது. மூன்று நாளாகப் பத்து மணிச் சங்கு ஊதியதும், ஆள் மாறி வேலைக்கு இறங்கியதுபோல் புண் துடிக்கிறது. சிவப்பு இன்று கணுக்காலைத் தாண்டிவிட்டது.

விடிந்ததும் ஸ்டெல்லா என்னை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். எட்டு மணி நேரம் என்றால் என்னவென்று அவர் அவளிடமே சொல்ல வேண்டும். அதுவரை நான் காலைப் போர்வைக்கு வெளியே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.